முதல் தரம்: 1/5

1

பள்ளி ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு மார்கழியில் எழுதியிருந்தீர்கள். 'வெளிநாட்டில் உணவகம் நடத்தி முதல் தரம் பெற்ற நம் ஊர்ப் பெண்' என்று தலைப்பையும் நீங்களே வைத்துவிட்டீர்கள். இரண்டு பக்கம் வேண்டும், ஒரு போட்டோ வேண்டும், சேலையில் இருந்தால் நல்லது என்று குறிப்பு வேறு. நானும் சரி என்று சொல்லித் தொலைத்தேன். அப்புறம் தையில் ஊருக்கு வந்தேன். தஞ்சாவூரில் பத்து நாள் இருந்துவிட்டுத் திரும்பினேன். இப்போது மாசி. நீங்கள் கேட்ட கட்டுரை இது அல்ல. போடுவதும் போடாததும் உங்கள் இஷ்டம்.

மலர்க் குழுவில் யார் யார் இருக்கிறீர்கள் என்று தெரியவில்லை. அதனால் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். பெயர் தமிழரசி. குடவாசலுக்கு மேற்கே, நம் ஊரின் தெற்குத் தெருவில் பிறந்தவள். உங்களில் பாதிப் பேர் அந்தத் தெருவுக்குள் கால் வைத்திருக்க மாட்டீர்கள். அப்பா உங்கள் தாத்தாக்களின் வயலில் வரப்பு அண்டை வெட்டியவர். நம் ஊர் டீக்கடையில் அவருக்குத் தனி டம்ளர். வெளியே கம்பியில் தொங்கும். அவரே எடுத்து, குடித்து, கழுவி, அவரே மாட்ட வேண்டும். அதை ஏன் இப்போது கிளறுகிறாள் என்று நினைக்காதீர்கள். கடை வாசலில் எதைத் தொங்கவிடுவது, எதை ஒட்டுவது என்பதுதான் இந்தக் கட்டுரையின் விஷயமே.

இன்னொன்று. நான் இருப்பது லண்டன் இல்லை. வேல்ஸ் நாட்டில் சுவான்சி என்று ஒரு கடற்கரை ஊர். லண்டனிலிருந்து ரயிலில் மூன்று மணி நேரம். பதினாறு வருஷமாக இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது. நீங்கள் லண்டன் என்றுதான் அச்சடிப்பீர்கள்.

2

என் கணவர் கலியபெருமாள் சமையல்காரர், ஒரத்தநாட்டுப் பக்கம். இங்கே வேறொருவர் கடையில் பாத்திரம் தேய்த்து, காய் நறுக்கி, அடுப்புக்கு உயர்ந்து, பிறகு நாங்களே இருபத்தெட்டு இருக்கை உள்ள ஒரு சின்ன உணவகம் வைத்தோம். காலையில் நான் கதவைத் திறப்பேன். முதல் வேலை குளிர்பெட்டிகளின் சூட்டைப் பார்த்து நோட்டில் எழுதுவது. இரண்டாவது, முந்தின நாள் குப்பையை நிறம் வாரியாகப் பிரித்து வெளியே வைப்பது. நிறம் மாறினால் எடுக்க மாட்டான், ஒரு ஸ்டிக்கரை ஒட்டிவிட்டுப் போய்விடுவான். இந்த நாட்டுக்காரர்களுக்கு ஸ்டிக்கர் என்றால் உயிர்.

கடை வாசலிலும் ஒன்று ஒட்டுவார்கள். சுகாதார அதிகாரி முன்னறிவிப்பு இல்லாமல் வருவார், அடுப்படியைப் பார்ப்பார், பூஜ்யத்திலிருந்து ஐந்துக்குள் ஒரு மதிப்பெண் போடுவார். ஐந்து என்றால் மிக நன்று. ஒன்று என்றால் பெரிய திருத்தங்கள் தேவை. அந்த மதிப்பெண்ணைக் கதவில், போகிறவர் வருகிறவர் கண்ணில் படும்படி ஒட்டியே தீர வேண்டும். வேல்ஸில் அது சட்டம். பக்கத்தில் இங்கிலாந்தில் கடைக்காரர் இஷ்டம். இடையில் ஓடுகிற ஆற்றுக்கு இந்தப் பக்கம் ஒரு நியாயம், அந்தப் பக்கம் ஒரு நியாயம். இங்கே போன் போட்டு "உங்கள் மதிப்பெண் என்ன?" என்று யாராவது கேட்டால்கூட வாயால் சொல்லியாக வேண்டும்.

நம் ஊரில் எப்படி? பேருந்து நிலையத்தைச் சுற்றி ஒரு நடை போய்ப் பாருங்கள். 'உயர்தர சைவ உணவகம்.' யாரய்யா உனக்கு உயர்தரம் கொடுத்தது? எந்த அதிகாரி வந்து உன் தண்ணீர்த் தொட்டிக்குள் எட்டிப் பார்த்தார்? தனக்குத் தானே தரம் போட்டுக்கொண்டு அதற்கு விளக்கும் போட்டு மினுக்குகிற ஊர் அது. 'சுத்த சைவம்' என்று இன்னொரு போர்டு. எங்கள் அப்பாவை வெளியே நிற்க வைத்த டீக்கடைக்காரரும் சுத்தத்துக்காகத்தான் நிற்க வைத்தார். அவர் டம்ளர் கழுவும் வாளித் தண்ணீரை விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை மாற்றியதில்லை. அதற்கு யாரும் மார்க் போடவில்லை.

சரி, எனக்குக் கோபம் வந்தால் எங்கேயாவது போய்விடுவேன். விஷயத்துக்கு வருகிறேன்.

3

மூன்று வருஷத்துக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்றரைக்கு அதிகாரியம்மா வந்தார். ஐம்பது வயதிருக்கும். வெள்ளைக் கோட்டும் தொப்பியும் தானே கொண்டுவந்து மாட்டிக்கொண்டார். கையில் ஒரு வெப்பமானி. சிரித்த முகம்.

கை கழுவுகிற தொட்டியில் முருங்கைக்காய் ஊறிக்கொண்டிருந்தது. பார்த்தார், எழுதினார். குளிர்பெட்டியில் கொத்தமல்லிக்கு மேல்தட்டில் பச்சைக் கோழி. பார்த்தார், எழுதினார். சூடு எழுதும் நோட்டில் ஒன்பது நாள் வெறுமையாக இருந்தது. ஒரே பேனாவில், ஒரே கையெழுத்தில் அதற்கு முந்தின இரண்டு வாரத்தையும் நான் ஒரே மூச்சில் நிரப்பியிருந்ததையும் கண்டுபிடித்தார். பிறகு மூலையில் இருந்த பெரிய அலுமினிய அண்டாவின் மூடியைத் தூக்கினார். உள்ளே சோறு.

"இது எப்போது சமைத்தது?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

என் கணவருக்கு ஆங்கிலம் தட்டுத் தடுமாறித்தான் வரும். ஆனால் கேள்வி புரிந்துவிட்டது. "தமிழு, நேத்து சாயங்காலம் வடிச்சதுன்னு சொல்லிடு. லெமன் ரைஸுக்கு வச்சிருக்கோம், ஆறின சோறுதான் உதிரியா வரும்னு சொல்லு. பொய் கிய் சொல்லாத" என்றார்.

நான் சொன்னது வேறு. "ஓல்டு ரைஸ், மேடம்" என்றேன். சொன்னவுடனே எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. பயத்தில் மூளை வேலை செய்தது. "அதாவது, எங்கள் நாட்டில் புது அரிசி சமைக்க மாட்டோம். அறுத்து ஒரு வருஷம் வைத்திருந்த பழைய அரிசிதான் உசத்தி. புது அரிசி குழையும், வயிற்றுக்கு ஆகாது. அதைத்தான் ஓல்டு ரைஸ் என்கிறோம். சோறு இன்று காலை வடித்தது" என்று ஆங்கிலத்தில் கடகடவென்று ஒப்பித்தேன்.

பழைய அரிசியைப் பற்றி நான் சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. நம் வீடுகளில் எல்லாருக்கும் தெரிந்ததுதான். கடைசி வாக்கியம் மட்டும் பொய். நமக்கு நெல் வேறு, அரிசி வேறு, சோறு வேறு. அவர்களுக்கு எல்லாமே ரைஸ். அந்த ஒற்றைச் சொல்லுக்குள் புகுந்து ஒளிந்துகொள்ளலாம் என்று பார்த்தேன்.

அதிகாரியம்மா வெப்பமானியைச் சோற்றின் நடுவில் குத்தினார். எண்ணைப் பார்த்தார். ஒரு பருக்கையை விரலால் நசுக்கினார். "அரிசியின் வயதை நான் கேட்கவில்லை, இந்தச் சோற்றின் வயதைக் கேட்டேன்" என்றார். அதே சிரிப்பு. ஒரே சொல்லை வைத்துக்கொண்டு இரண்டையும் அவர் பிரித்துவிட்டார், மூன்று சொல் வைத்திருந்த நான் மாட்டிக்கொண்டேன்.

பிறகு பொறுமையாகச் சொன்னார். வடித்த சோறு மணிக்கணக்கில் வெளியே கிடந்தால் அதில் ஒரு கிருமி விஷம் உண்டாக்கும், மறுபடி சூடாக்கினாலும் அந்த விஷம் போகாது. என் கணவர் என்னைப் பார்த்து, "என்ன சொல்லுது?" என்றார். "ஒண்ணுமில்லீங்க" என்றேன்.

இரண்டு வாரம் கழித்து அறிக்கையும் ஸ்டிக்கரும் தபாலில் வந்தன. ஒன்று.

4

எங்கள் மகள் ஓவியாவுக்கு அப்போது பதினான்கு வயது. ஸ்டிக்கரில் வேல்ஸ் மொழியிலும் ஆங்கிலத்திலும் எழுதியிருப்பதை இரண்டிலுமே படிப்பாள். தமிழ்தான் தகராறு. அவள்தான் அறிக்கையை உட்கார்ந்து வரிவரியாகப் படித்தாள். மூன்று தலைப்பில் பார்ப்பார்களாம். உணவைக் கையாளும் விதம், கட்டடத்தின் நிலை, நடத்துகிறவர் மேல் உள்ள நம்பிக்கை. மூன்றாவதில்தான் எங்களுக்கு ரொம்ப மோசம்.

"அம்மா, சோறு பத்திக் கேட்டப்ப நீ லை சொன்னியா?" என்றாள்.

"லை இல்லடி. அந்தம்மாவுக்குப் புரியல."

"புரிஞ்சிருக்கு. இங்க எழுதியிருக்கு. 'கேட்டதற்குச் சரியான பதில் தரப்படவில்லை'னு."

அவள் அப்பா பக்கத்தில்தான் நின்றார். அவருக்கு அப்போதுதான் தெரியும், நான் அவர் சொன்னதைச் சொல்லவில்லை என்று. நேராக அண்டாவைத் தூக்கிக்கொண்டு போய்க் கவிழ்த்துத் தேய்க்க ஆரம்பித்தார். அன்றிலிருந்து இன்றுவரை எங்கள் அடுப்படியில் மறுநாள் சோறு கிடையாது.

ஆனால் ஸ்டிக்கரை ஒட்ட அவருக்கு மனசு வரவில்லை. "எங்கப்பாவையும் உங்கப்பாவையும் வாசல்லயே நிக்க வச்சானுங்க. இங்க வந்து சொந்தமா கடை வச்சா, நம்ம கடை வாசல்லயே நம்மள அசிங்கம்னு ஒட்டுறானுங்க" என்றார். கண் கலங்கியிருந்தது. ஒட்டத்தான் செய்தார், ஆனால் ஊரிலிருந்து கொண்டுவந்திருந்த பிளாஸ்டிக் மாவிலைத் தோரணத்தைக் கதவுக்கு மேலே கட்டி, அதன் வால் சரியாக அந்த எண்ணின் மேல் தொங்கும்படி இறக்கிவிட்டார். மங்களமும் ஆயிற்று, மறைப்பும் ஆயிற்று. இந்த யோசனை உலகத்தில் வேறு எவனுக்கும் வராது.

ஓவியா பள்ளி விட்டு வந்தவள் ஒரு நிமிஷம் நின்று பார்த்தாள். கத்திரிக்கோலை எடுத்துத் தோரணத்தின் வாலை நறுக்கிவிட்டாள்.

"தோரணத்த அறுக்கலாமாடி? கடைக்கு ஆகுமா?" என்று கத்தினேன்.

"மறைச்சா ஃபைன் போடுவாங்க" என்றாள். அவளுக்கு ஆகிறது ஆகாதது எல்லாம் அவ்வளவுதான்.

அந்த வாரமே போன் வந்தது. இருபது பேருக்குப் பிறந்தநாள் சாப்பாடு, உங்கள் மதிப்பெண் என்ன? நான் கை நீட்டுவதற்குள் ஓவியா எடுத்துவிட்டாள். "ஒன். அவுட் ஆஃப் ஃபைவ்" என்றாள். அவர்கள் நன்றி சொல்லி வைத்துவிட்டார்கள். "ஒன்னுன்னு மட்டும் சொல்லிட்டு விட வேண்டியதுதானே, அந்த அவுட் ஆஃப் ஃபைவ் எதுக்கு?" என்று அவளைக் கடித்துக் குதறினேன். "அது இல்லன்னா அந்த நம்பருக்கு மீனிங்கே இல்லம்மா" என்றாள். பெற்ற மகள் எனக்குத் துரோகம் செய்துவிட்ட மாதிரி ஒரு மாதம் அவளோடு சரியாகப் பேசவில்லை. அவள் அதைக் கவனித்தாளா என்றுகூடத் தெரியவில்லை. மாடிக்குப் போய்க் காதில் எதையோ மாட்டிக்கொண்டு விடுவாள்.

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லையே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆகவில்லை என்று எனக்கு எப்படித் தெரியும்? வாந்தி எடுத்தவன் வந்து சொல்லிவிட்டா போவான்? அடுத்த தடவை வேறு கடைக்குப் போவான்.

ஐந்து மாதம் கழித்து, எல்லாவற்றையும் திருத்தி, மனுப் போட்டு, அதே அம்மா மறுபடி வந்து மூன்று கொடுத்தார். இப்போது நான்கு. என் கணவரிடம் அப்போது சொன்னேன். "நம்ம அப்பன்களுக்குப் போட்ட மார்க்க எத்தன தடவ குளிச்சாலும் மாத்த முடியாது. இத மாத்த முடிஞ்சுதா இல்லையா?" அவர் போய்த் தோரணத்தைக் கழற்றிவிட்டார்.

5

இவ்வளவோடு முடிந்திருந்தால் நான் உங்களுக்குச் சேலையில் போட்டோ அனுப்பியிருப்பேன். முடியவில்லை. காரணம் நான்.

ஒன்று ஒட்டியிருந்த அந்த ஐந்து மாதத்துக்குள் பொங்கல் வந்தது. கடை வாசலில் நாங்கள் மூவரும் நின்று எடுத்த போட்டோவைக் குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டேன். பின்னால் கதவில் ஸ்டிக்கர் இருந்ததை நான் கவனிக்கவே இல்லை. என் தம்பி அன்பழகன் கவனித்தான். பெரிதாக்கிப் பார்த்து உடனே எழுதினான். "அக்கா, ஒன்னு போட்டிருக்கு! கவர்மெண்ட் குடுத்ததா? ஃபர்ஸ்ட் ரேங்கா?"

நம் பள்ளியில் படித்தவன் அல்லவா. ஒன்று என்றால் நமக்கு முதல் ரேங்க்தான். ரேங்க் கார்டில் ஒன்று வாங்கினால் வீட்டில் கேசரி. அவனைக் குறை சொல்ல முடியாது. அத்தை, சித்தப்பா, மன்னார்குடி மாமா என்று வரிசையாக மாலையும் கைதட்டலும் வந்து விழுந்தன. எங்கள் தெருவிலிருந்து போன பெண், லண்டனில் முதல் ரேங்க்.

நான் என்ன செய்திருக்க வேண்டும்? இரண்டு வரி எழுதியிருக்க வேண்டும். நான் ஒரு கட்டைவிரலைப் போட்டேன். அவ்வளவுதான். உயர்த்திய ஒரு மஞ்சள் கட்டைவிரல்.

அது போதாதென்று போனில் அவனிடம் பழைய அரிசிக் கதையை நகைச்சுவையாக வேறு சொன்னேன். வெள்ளைக்காரிக்குப் பழைய அரிசி என்றால் என்னவென்று தெரியவில்லை, சோறுதான் பழசு என்று நினைத்துவிட்டாள், நான் விளக்கினேன் என்று. விழுந்து விழுந்து சிரித்தான். புலம்பெயர்ந்தவர்கள் எழுதுவதில் இப்படி ஒரு மொழித் தடுமாற்றக் கதை எப்போதும் இருக்கும், நீங்களும் நிறையப் படித்திருப்பீர்கள். இனிமேல் படிக்கும்போது கொஞ்சம் சந்தேகத்தோடு படியுங்கள். சில சமயம் அங்கே தடுமாறியது மொழி இல்லை.

6

அன்பு போன வருஷம் தஞ்சாவூரில் கடை திறந்தான். மருத்துவக் கல்லூரிப் பக்கம், நோயாளிகளோடு வந்து தங்குகிறவர்கள் நடந்து வருகிற தூரம். இந்தத் தையில்தான் நான் முதல் தடவை பார்த்தேன். ஆட்டோவிலிருந்து இறங்கினேன், தலை நிமிர்ந்தேன், அப்படியே நின்றுவிட்டேன்.

கடை அகலத்துக்கு ஒரு ஃப்ளெக்ஸ். இடது ஓரம் நானும் என் கணவரும், பொங்கல் உடையில். ஓவியாவை வெட்டிவிட்டார்கள். வலது ஓரம் ஆள் உயரத்துக்கு அந்த 1. ஸ்டிக்கரில் பூஜ்யத்திலிருந்து ஐந்து வரைக்கும் வரிசையாக இருக்கும், கிடைத்த எண் மட்டும் பெரிதாக இருக்கும். மற்ற எண்களைக் காணோம். கீழே, 'லண்டன் அரசின் முதல் தரச் சான்று பெற்ற குடும்பத்தின் கைப்பக்குவம்.'

"மத்த நம்பர்லாம் எங்கடா?" என்றேன்.

"டிசைனரு வெட்டிட்டாருக்கா. எடத்த அடைக்குதுன்னாரு. எப்படி இருக்கு? ஊரே பேசுது" என்றான். பெருமையில் அவன் முகம் விரிந்திருந்தது.

கல்லாவில் உட்கார்ந்திருந்தபடி வருகிறவர்களிடம் கதை சொல்கிறான். "வெள்ளக்காரிக்குப் பழைய அரிசியோட அருமை தெரியல சார். எங்கக்கா வெளக்குனதும் அசந்துபோய் மொத கிரேடு குடுத்துட்டா." என் பொய் என் கண் முன்னாலேயே குட்டி போட்டு நின்றது.

அடுப்படிக்குள் போனேன். பெரிய அண்டா. மூடியைத் தூக்கினேன். தொட்டுப் பார்க்கவே வேண்டியதில்லை, வாசனை சொல்லிவிட்டது. "இது எப்ப வடிச்சது அன்பு?"

"நேத்து. மாமா டெக்னிக்குதான். நேத்து சோறுன்னாதான் லெமன் ரைஸ் பொலபொலன்னு வரும்னு அவருதானே சொல்லிக் குடுத்தாரு. மிச்சத்தப் பால் ஊத்திப் பெசஞ்சு தயிர்சாதம்."

"மாமா அத நிறுத்தி மூணு வருசமாச்சுடா."

"யாரு சொன்னா?"

யாரும் சொல்லவில்லை. நான்தான் சொல்லியிருக்க வேண்டும்.

"வீட்டுல பழயது தின்னுதானக்கா வளர்ந்தோம்?" என்றான். வீட்டில் ஒரு சட்டிச் சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்து, விடிந்ததும் நாமே தின்று தீர்ப்பது வேறு. அறுபது பேருக்கு வடித்த சோற்றை அண்டாவில் அழுத்தி மூடி, மறுநாள் மதியம் ஊரான் வீட்டு நோயாளிக்கு விற்பது வேறு. சொன்னேன். காதில் வாங்கவில்லை.

"இங்க அதிகாரிங்க யாரும் வந்து பாக்கலயா?"

மேசை டிராயரை இழுத்தான். ரப்பர் பேண்டு, சாம்பிராணி டப்பா, அதற்கடியில் நாலாக மடித்த ஒரு காகிதம். தண்ணீர்த் தொட்டிக்கு மூடி இல்லை, சமைத்ததைத் திறந்து வைத்திருக்கிறீர்கள், வேலையாட்களுக்கு மருத்துவச் சான்று இல்லை, சரிசெய்யவும். தெளிவான தமிழில் இருந்தது. வந்தவர் ஒழுங்காகத்தான் பார்த்திருக்கிறார்.

"இத வாசல்ல ஒட்டு" என்றேன்.

"உனக்கென்ன பைத்தியமா? அர மணி நேரம் பாத்துட்டுப் போறவரு எழுதுறதுதான் என் கடையா? எதுத்த கடக்காரன் போட்டோ புடிச்சு ஊரு பூரா அனுப்புவான். சரி, ஒட்டச் சொல்லிச் சட்டமே வருதுன்னு வச்சுக்க. மொதல்ல யாரு கடையில ஒட்டுவானுங்க? பெரிய ஓட்டலு வாசல்லயா? நம்மள மாதிரி ஆளு கடையில. ஏற்கனவே எவன் கடைன்னு விசாரிச்சுட்டுத்தான் நாலு பேரு உள்ள வரான். அதுக்கு மேல இது வேறயா?"

சுவான்சியில் உட்கார்ந்துகொண்டு, எல்லாக் கதவிலும் ஒட்டு என்று சட்டம் பேசுவது எனக்குச் சுலபம். அவன் சொல்வது நடக்கும் என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் ஒன்று. ஒட்டினால் அநியாயம் நடக்கும் என்பவன், ஒட்டாமல் இருந்தால் பரவாயில்லை. அவனோ பொய்யை மட்டும் ஆள் உயரத்துக்கு ஒட்டியிருக்கிறான்.

7

மறுநாள் மதியம். நான் கல்லாவுக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். ஒரு அம்மாள் வந்தார். என் வயதுதான் இருக்கும். கையில் ஒயர் கூடை, கூடையில் ஃபிளாஸ்க்.

"தயிர்சாதம் ஒன்னு குடுங்க. ஒறப்பு எதுவும் வேணாம்" என்றார். என் முகத்தைப் பார்த்தார், மேலே ஃப்ளெக்ஸைப் பார்த்தார். "நீங்கதானா அது? லண்டன்ல மொத தரம் வாங்குனவங்க?"

நான் கல்லாவிலிருந்து சில்லறை எடுத்து அவர் கையில் கொடுத்தேன்.

"வீட்டுக்காரருக்குக் கொடல்ல ஆபரேசன். நேத்துதான் வாயால சாப்பிடலாம்னாங்க. கண்ட கடையில வாங்கப் பயமா இருக்கு. இந்த போர்டப் பாத்துட்டுத்தான் அவ்ளோ தூரம் தாண்டி இங்க வந்தேன்" என்றார். பொட்டலத்தை வாங்கிக் கூடையில் வைத்துக்கொண்டார்.

கல்லாவில் விலைப்பட்டியல் எழுதுகிற தடித்த மார்க்கர் பேனா கிடந்தது. பிளாஸ்டிக் ஸ்டூலை இழுத்து வாசலில் போட்டு ஏறினேன். "அக்கா, என்ன பண்ற? ஏய், எறங்குக்கா!" என்று அன்பு உள்ளேயிருந்து கத்திக்கொண்டு வந்தான். அந்த 1-க்குப் பக்கத்தில் ஒரு சாய்கோடு இழுத்தேன். அதற்குப் பக்கத்தில், முடிந்த மட்டும் பெரிதாக, 5.

"அப்படின்னா என்னங்க?" என்றார் அந்த அம்மாள். எழுத்துக்கூட்டிப் படிக்கிறவர் போல, ஆனால் எண் எல்லாருக்கும் தெரியுமே.

"அஞ்சுக்கு ஒன்னும்மா. ஃபெயிலு. நேத்து வடிச்ச சோத்த வெளில வச்சிருந்ததுக்கு, பொய் சொன்னதுக்கு. பொய் சொன்னது நான்தான்."

அவர் கூடையிலிருந்து பொட்டலத்தை எடுத்தார். உள்ளங்கையில் வைத்துக்கொண்டு என்னை அண்ணாந்து பார்த்தார்.

"இத அவருக்குக் குடுக்கலாமா?"

ஸ்டூலின் மேல் நான். கீழே என் தம்பி. சாப்பிட்டுக்கொண்டிருந்த எட்டுப் பத்துப் பேரும் கையை இலையில் வைத்தபடி பார்க்கிறார்கள். அதிகாரியம்மா அண்டாவின் மூடியைத் தூக்கிக் கேட்ட அதே கேள்விதான் இது, தமிழில் கேட்டார்.

"குடுக்காதீங்க" என்றேன்.

8

அந்த அம்மாளைப் பக்கத்துக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போய், சூடாக இட்லி அவிந்து இறங்கும்வரை நின்று வாங்கிக் கொடுத்தேன். திரும்பி வந்தபோது அன்பு ஃப்ளெக்ஸைக் கிழித்துக்கொண்டிருந்தான்.

"குடும்ப மானத்த வாசல்ல எழுதிட்டியே" என்றான். அழுதான்.

"வாசல்ல ஒட்டினது நீடா. நான் மீதியத்தான் எழுதினேன்."

"நீ அங்க போய் அவங்க ஆளா மாறிட்ட" என்றான். இதைவிடக் கேவலமாக என்னை யாரும் திட்டியதில்லை. அதன்பிறகு அவன் என்னோடு பேசவில்லை. அவன் மனைவி போன வாரம் குரல் பதிவு அனுப்பினாள். சோற்றை மதியத்தோடு முடித்துவிடுகிறாராம், தொட்டிக்கு மூடி போட்டாயிற்றாம், உங்கள் மேல் கோபம் மட்டும் ஆறவில்லையாம், அண்ணி. டிராயர் காகிதம் எங்கே என்று கேட்டேன். டிராயரில்தான் இருக்கிறதாம்.

இங்கே வந்து ஓவியாவிடம் நடந்ததைச் சொன்னேன். காதிலிருந்து அந்தக் கருவியைக் கழற்றிவிட்டுக் கேட்டாள். "நீ அவுட் ஆஃப் ஃபைவ் எழுதினியா? ஸ்டூல் மேல ஏறியா?" என்றாள். சிரித்தாள். மூன்று வருஷத்தில் அவள் என்னைப் பார்த்துச் சிரித்த சில தடவைகளில் அது ஒன்று.

மலர்க் குழுவினரே, இதைப் போடுவதாக இருந்தால் ஒரே ஒரு வேண்டுகோள். லண்டன் என்று போட்டுக்கொள்ளுங்கள், போகட்டும். பழைய போட்டோவையே போடுங்கள், அதுவும் போகட்டும். நான் வைத்திருக்கிற தலைப்பில் மட்டும் கை வைக்காதீர்கள். அச்சகத்தில் உங்கள் டிசைனர், ஒன்றுக்குப் பின்னால் இருக்கிற கோடும் ஐந்தும் இடத்தை அடைக்கிறது என்பார். வெட்ட விடாதீர்கள்.